இரண்டு விரல் தூரம்

"எனக்கு எந்தத் தசை குறையுது மாஸ்டர்?"

கேட்டவர் மாசிலாமணி. வயது ஐம்பத்து நான்கு. நில அளவைத் துறையில் வேலை.

மாஸ்டர் என்று அவர் அழைத்தது ரெஜினாவை. வயது முப்பத்தொன்று. பளு தூக்கும் போட்டிகளில் தோள் காய்த்தவள். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜிம் நடத்துகிறாள்.

அவள் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எண்பது கிலோ இரும்பைத் தரையிலேருந்து தூக்குறேன். நீங்களே பாக்குறீங்க. வீட்ல என் சம்சாரம் அம்பத்திரண்டு கிலோ. கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாத்துறதுக்குள்ள கை நடுங்குது."

சௌந்தரிக்குப் போன ஆவணியில் பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஐப்பசியில் ஒரு காலை, தூக்கும்போது மாசிலாமணியின் பிடி நழுவியது. அவள் தரையில் விழுந்தாள்.

எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். குடித்தால் கழிவறைக்குத் தூக்கிப் போக வேண்டுமே.

அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. வைத்த சொம்பு வைத்தபடி நிரம்பியிருப்பதை அவராகத்தான் கண்டார். மறுநாளே ஜிம்மில் சேர்ந்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எடையைக் கூட்டுவதற்கு முன், வேலை செய்யப்போகும் தசையின் மேல் விரலை வைத்து அதன் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் நாலைந்து பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மாசிலாமணியால் நிறுத்த முடியவில்லை. சுவரில் தோலுரிந்து தசை தெரிய நின்ற மனிதனின் படத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்தார். பேருந்தில் தன் தொடையை அமுக்கிப் பெயர் சொல்லி, பக்கத்து இருக்கைக்காரரின் முறைப்பை வாங்கிக்கொண்டார். நிலைகொள்ளாத போதெல்லாம் பாதத்தில் தொடங்கிக் கழுத்துவரை பெயர்களைச் சொல்லிக்கொண்டு போவார். கழுத்து வந்துவிடும். நிலை வராது. மறுபடி பாதம்.

"அன்னிக்கு நழுவவிட்டது கையா, நானா? அதுகூடத் தெரியல மாஸ்டர்."

"நோட்டுல எத்தனை தசை எழுதியிருக்கீங்க?"

"இருநூத்திப் பதினாலு."

"நோட்டைக் கீழ வைங்க. கபீர் பெஞ்ச் போடப்போறான். பின்னால போய் நில்லுங்க சார்."

கபீர் பேருந்து நடத்துநராக இருப்பவன். பெஞ்சில் மல்லாந்து, கம்பியை மார்புவரை இறக்கி ஏற்றுவான். அப்படிச் செய்பவன் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். கம்பிக்குக் கீழே கை ஏந்தியபடி, தொடாமல்.

"நான் கேட்டாத்தான் கை வைக்கணும் சார்," என்றான் கபீர்.

நான்கு முறை ஏறி இறங்கிய கம்பி ஐந்தாவதில் பாதி வழியில் நடுங்கியது. மாசிலாமணி சட்டென்று பிடித்துத் தூக்கிவிட்டார்.

"யோவ் சார்! யாரு கேட்டா?"

"நடுங்குச்சே தம்பி..."

"நடுங்காம? டான்ஸா ஆடும்? அஞ்சாவது என்னோடது சார். பறிச்சிட்டீங்க."

"விழுந்திருந்தா?"

"வுழலையே!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு செட்," என்றாள். இந்த முறை அவளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

மீண்டும் ஐந்தாவது. மீண்டும் பாதி வழி. கபீரின் கழுத்து நரம்பு புடைத்தது. மாசிலாமணியின் கைகள் தாமாக மேலே போயின. மாஸ்டர் ஒற்றை விரலால் அவர் மணிக்கட்டை அழுத்தினாள். கைகள் கம்பிக்கு இரண்டு விரல் கீழே நின்றன.

கம்பி அசையவில்லை.

பிறகு அது ஒரு நூல் ஏறியது. இன்னொரு நூல். ஏறிவிட்டது.

"இப்ப யாரு தூக்கினா?" என்றாள் மாஸ்டர்.

"கபீர்."

"உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்த்திருக்கு?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாஸ்டர், அப்போ எனக்கு எந்தத் தசை..."

அவள் அடுத்த பெஞ்சைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை. சௌந்தரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவர் கைகள் அக்குளுக்குள் நுழைவதற்காகக் காத்திருந்தாள்.

கைகள் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். அவர் முழங்காலை மடக்கி எதிரே நின்றார். விலாவுக்கு இருபுறமும் ஏந்திய கைகள் அவளைத் தொடாமல் நின்றன.

"என்ன, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"நீ எந்திரி. நான் இங்கதான் நிக்கிறேன்."

சௌந்தரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது பாதத்தை மெல்ல இழுத்துத் தரையில் ஊன்றினாள். இடது கையால் கட்டில் கம்பியைப் பற்றினாள்.

உடம்பு மெத்தையைவிட்டு எழும்பியது. பாதி வழியில் நின்றது. ஊன்றிய கால் வெடவெடவென்று நடுங்கியது. அந்தத் தொடையில் எது இறுகுகிறது, எது இழுக்கிறது என்று அவருக்கு ஒரு பெயரும் வாயில் வரவில்லை.

அவர் கைகள் மேலே போகப் பார்த்தன.

"பிடிக்கட்டுமா சௌந்தரி? பிடிச்சுக்கட்டுமா?"

"பேசாதீங்க," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் தூக்கிட்டிருக்கேன்."