மூன்று கூடு கட்டிய மலையணில்

காப்பித் தோட்டத்துக்கு மேலே இருந்த காட்டில் செம்பி என்ற மலையணில் தன் ஒரே குட்டியோடு ஒரு நாவல் மரத்தில் வாழ்ந்துவந்தாள். எதிர்மரத்தில் பொன்னலகன் என்ற இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி தேன்மணியும் குடியிருந்தார்கள். இருவாச்சிகளின் வழக்கப்படி தேன்மணி மரப்பொந்துக்குள் உட்கார்ந்து, வாசலை அடைத்துக்கொண்டு அடைகாத்தாள். ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டிருந்தாள். பொன்னலகன் பழங்களைத் தேடிக் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டுவான்.

ஒருமுறை பெருங்காற்று அடித்துச் செம்பியின் கூடு பிய்ந்து போயிற்று. நனைந்த குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு இரவுகள் கண்ணே மூடாமல் உட்கார்ந்திருந்தாள். மழை நின்றதும் அதே நாவல் மரத்தில் புதுக்கூடு கட்டினாள். ஆனால் பகலெல்லாம் அசதி. பழத்தைக் கடித்தபடியே தூங்கிவிழுந்தாள். பழம் கீழே உருண்டது.

அன்று மாலை காப்பிச் செடிகளின் பக்கம் இறங்கியபோது சம்பான் என்ற மரநாய் அப்போதுதான் எழுந்து, சிவந்த காப்பிப் பழங்களைத் தின்றுகொண்டிருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று விசாரித்தான். செம்பி தன் அசதியைச் சொன்னாள்.

"இதைத் தின்னு பாருங்க அக்கா, தூக்கம் பறந்துபோயிடும்" என்றான் சம்பான்.

செம்பி நான்கு பழம் தின்றாள். கண் பளிச்சென்று திறந்தது. கால்கள் லேசாயின. இவ்வளவு நல்ல மருந்து பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போனதே என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும் நேரத்தில் இறங்கிப்போய்த் தின்றுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்தே படுத்தால் தூக்கம் வரவில்லை.

குட்டி படுத்தவுடன் தூங்கிவிடும். செம்பி மட்டும் இந்தப் பக்கம் புரண்டு, அந்தப் பக்கம் புரண்டு, நெஞ்சு படபடக்கக் கிடப்பாள். விடியப்போகும் நேரத்தில்தான் கண் செருகும். மறுநாள் அசதி. நடுப்பகலில் கிளையில் கவிழ்ந்து ஒரு தூக்கம். அதுவும் போதாமல் மாலையில் மறுபடியும் காப்பிப் பழம்.

ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்கு விளங்கவேயில்லை. கூட்டில் வைத்த இலை உறுத்துகிறதோ என்று எல்லாவற்றையும் மாற்றினாள். ஓடைத் தவளைகளின் சத்தம்தான் காரணம் என்று ஒரு குரங்கு சொல்லவே, தள்ளியிருந்த தான்றி மரத்தில் இன்னொரு கூடு கட்டினாள். அங்கே காற்று அதிகமோ என்று தோன்றியது. பலா மரத்தில் மூன்றாவது கூடு கட்டினாள். குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நாவலுக்கும் தான்றிக்கும் பலாவுக்குமாக அலைந்தாள். நேற்று எங்கே படுத்தோம், இன்று எங்கே படுக்க வேண்டும் என்பதே அவளுக்குக் குழம்பிப் போயிற்று.

ஒருநாள் உச்சிவேளையில் பலாச்சுளையோடு நாவல் மரத்துக்கு ஓடிவந்தாள். கூடு காலியாக இருந்தது. தான்றி மரத்துக்குத் தாவினாள். அங்கும் குட்டி இல்லை. மூன்றாவதாக ஒரு கூடு இருப்பதே அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை.

அவள் மறுபடி நாவல் மரத்துக்கு வந்தபோது பொன்னலகன் அலகில் எதையோ கவ்விக்கொண்டு பொந்தின் முன் வந்து உட்கார்ந்தான். இருவாச்சிகள் சிலசமயம் அணில் குட்டிகளையும் விடுவதில்லை என்று செம்பி கேள்விப்பட்டிருந்தாள். அவ்வளவுதான்.

"என் குட்டியைக் கொண்டா!" என்று அலறியபடி அவன்மேல் பாய்ந்தாள்.

நூறு தடவை தாவிய தூரம்தான் அது. ஆனால் கணக்குத் தப்பியது. கிளைக்கு ஒரு முழம் முன்னாலேயே கீழே விழுந்தாள். ஒரு புதர் தாங்கிக்கொண்டதால் உயிர் பிழைத்தாள். பின்னங்கால் மட்டும் பிசகிவிட்டது.

பொன்னலகன் திகைத்துப்போய் அலகைத் திறந்தான். அத்திப்பழம் ஒன்று செம்பியின் பக்கத்தில் வந்து விழுந்தது.

பொந்தின் கீற்று வழியாகத் தேன்மணியின் குரல் கேட்டது. "செம்பி, காலையில நீதானே குட்டியைக் கவ்விக்கிட்டுப் பலா மரத்துக்குப் போனே? நான் இங்கிருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். உனக்கு என்னடி ஆச்சு?"

காலையில் போனது நிஜமா கனவா என்றுகூடச் செம்பிக்குத் தெரியவில்லை. நொண்டி நொண்டிப் பலா மரத்தில் ஏறினாள். குட்டி கூட்டுக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பிசகியிருந்தால் தாயில்லாக் குட்டி ஆகியிருக்குமே என்று நினைத்தபடி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கால் பிசகியதால் அவளால் கூட்டைவிட்டு இறங்க முடியவில்லை. தன்மேல் பழி போட்டவளுக்கு எதற்கு உதவ வேண்டும் என்று பொன்னலகன் முதலில் முறுக்கிக்கொண்டான். தேன்மணி விடவில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே தினமும் நாலு அத்திப்பழத்தைச் செம்பியின் கூட்டில் போட்டுவிட்டுப் போனான்.

முதல் இரண்டு நாள் செம்பிக்குத் தலை பிளப்பதுபோல் வலித்தது. மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்ததும் கொட்டாவி வந்தது. படுத்ததுதான் தெரியும். கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே.

இப்போதும் அவளுக்குக் குழப்பம்தான். அதே இலை, அதே காற்று, அதே பலா மரக் கூடு. பிறகு எது தூங்க வைத்தது? அத்திப்பழமா? விழுந்த அதிர்ச்சியா?

கால் தேறியதும் சம்பானைத் தேடிப்போய், நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் ஒரு காப்பிப் பழத்தை நீட்டினான். வாங்கக் கை நீட்டியவள் சட்டென்று நின்றாள். படுத்துக்கிடந்த நாட்களில் இது ஒன்றைத்தானே தின்னவில்லை!

"ஏம்ப்பா, இதைத் தின்னா அசதி போகும்னு நீதானே சொன்னே?"

"தூக்கம் போகும்னு சொன்னேன் அக்கா. எனக்கு ராத்திரிதான் வேலை, அதனால நான் தின்கிறேன். நீங்க ராத்திரி தூங்கறவங்களாச்சே. ஏன் தின்கிறீங்கன்னு நானும் யோசிச்சதுண்டு."

செம்பிக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவன் பொய் சொல்லவில்லையே என்று பிறகு தோன்றியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பழத்தை வாங்காமலேயே ஏறிவந்தாள்.

மறுநாள் நல்ல பலாச்சுளையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு எதிர்மரத்துக்குப் போனாள். பொன்னலகனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் சுளையை வாங்கித் தேன்மணிக்கு ஊட்டினான். அன்று பிற்பகல் தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தபோது செம்பி காப்பிப் பழம் தேடிக் கீழே இறங்கவில்லை. குட்டியைக் கிளைக்குக் கிளை துரத்தி விளையாடினாள். இருட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போனார்கள்.

தூக்கம் வரவில்லை என்று கூட்டையும் காற்றையும் குறை சொல்லும் முன், விழித்திருப்பதற்காக நாம் எதை விழுங்கினோம் என்று பார்க்க வேண்டும்.