இடது இறக்கை

"மாஸ்டர், வலது பக்கமாவே சாயுது," என்றார் மரகதம்.

கையில் மர இறக்கை வைத்த சின்ன விமானம். என்ஜின் எல்லாம் கிடையாது. கையால் வீசினால் காற்றில் மிதந்து போக வேண்டும். இது வீசிய போதெல்லாம் வலது பக்கம் சரிந்து மண்ணில் குத்தியது.

மாஸ்டர் என்றதும் தாடியும் தடியுமாக ஒருவரை நினைத்துவிட வேண்டாம். ஜெர்வாஸுக்கு மரகதத்தின் மகன் வயதுதான். தூத்துக்குடியில் உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் விமானம் செய்யவும் பறக்கவிடவும் சொல்லித்தருகிறவர். பேச்சில் மகா கஞ்சன்.

அவர் விமானத்தை வாங்கி, மூக்கையும் வாலையும் விரல்நுனியில் தாங்கினார். வலது இறக்கை தாழ்ந்தது.

"இதைச் செஞ்சது யாரு?"

"அவுக."

"இடது?"

"நான்."

அவுக என்றால் பொன்னுலிங்கம், மரகதத்தின் கணவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பாகம் பாகமாக மரம் வைத்த இந்தப் பெட்டியை வாங்கிவந்தார். ஒரு தடவையாவது இது பறக்கிறதைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலது இறக்கையை முடித்தார். அதற்குள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

மிச்சத்தை முடிக்கத்தான் மரகதம் மாஸ்டரிடம் வந்தார்.

"உங்க இறக்கை பெட்டியோட வந்த படத்துல இருக்கிறபடியே இருக்கு. சார்தான் பசையை அள்ளி அப்பியிருக்காரு."

"அவுக எல்லாமே அப்படித்தான். ரெண்டு பேருக்குக் குழம்பு வைக்கச் சொன்னா தெருவுக்கே வைப்பாக."

மாஸ்டர் உப்புத்தாளை நீட்டினார்.

"காஞ்ச பசையைத் தேய்ச்சு எடுத்துடுங்க. எடை சமமாயிடும்."

மரகதம் வாங்கிக்கொண்டார். இறக்கையைத் திருப்பினார். அடியில் பசை கட்டியாகக் காய்ந்திருந்தது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை.

உப்புத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்னால ஆகாது."

"அப்போ சுவத்துல மாட்டிவைங்க. அழகாத்தான் இருக்கும்."

மரகதத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சுவத்துல அவுக படமே தொங்குது, அது போதாதா? இது பறக்கணும் மாஸ்டர். ஒரு தரமாவது நேராப் பறக்கணும்."

"தேய்க்கவும் மாட்டீங்க. பறக்கவும் வேணும்."

"ஆமா."

மாஸ்டர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். சாமான் பெட்டியை மூடாமல்தான் போனார்.

மரகதம் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு இறக்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து பசை பாட்டிலை எடுத்தார். தன்னுடைய இடது இறக்கையைத் திருப்பி, அடியில் கொட்ட ஆரம்பித்தார்.

மாஸ்டர் திரும்பி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? அது சரியாத்தானே இருந்துச்சு?"

"தனியா இருந்தா சரிதான்."

மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"கனம் ஏறிடும்மா. ரொம்ப நேரம் மிதக்காது."

"தெரியும்."

மறுநாள் சாயங்காலம் பசை காய்ந்திருந்தது. மாஸ்டர் மறுபடி விரல்நுனியில் தாங்கிப் பார்த்தார். இறக்கைகள் இரண்டும் அசையாமல் நின்றன. மரகதத்திடம் கொடுத்தார்.

மரகதம் வீசினார்.

சாயவில்லை. உப்பளத்தைப் பார்த்து நேராகப் போயிற்று.

இந்த நேரம் பார்த்து மனுஷன் பக்கத்தில் இல்லையே என்று மரகதம் நினைத்தார். அதற்குள் விமானம் தரையைத் தொட்டுவிட்டது.

மாஸ்டர் போய் எடுத்துவந்தார். மண்ணைத் தட்டினார்.

"சட்டுனு இறங்கிடுச்சு. போதுமாம்மா?"

"எவ்வளவு நேரம் இருந்திருந்தாலும் போதாது மாஸ்டர்," என்று மரகதம் கையை நீட்டினார். "குடுங்க."