பாதி வீடும் மூன்று வக்கீல்களும்

கோவை நீதிமன்றத்தில் ஒரு வாரத்துக்குள் நடந்து முடிந்த விஷயம் இது. யார் செய்தது சரி என்ற தீர்ப்பை, இதைப் படிப்பவர்கள்தான் சொல்லவேண்டும்.

மூத்த வக்கீல் வரதராஜுலுவின் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்த வக்கீல் ரெஜினாவுக்கு, ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் இடம் கிடைத்தது. முப்பதாம் தேதியோடு விலகுவதாகத் திங்கட்கிழமை காலை சீனியரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போ. தடுக்கல. ஆனா முப்பதாம் தேதி வரைக்கும் கட்சிக்காரங்க யாருக்கும் மூச்சு விடக்கூடாது. நானே சொல்லிக்கிறேன். போன தடவை ஒருத்தன் போறப்ப நாப்பது கேஸ் கட்டு அவன் பின்னாலயே போச்சு."

"சரி சார்" என்றாள் ரெஜினா. தின்ற சோற்றுக்கு அதையாவது செய்யவேண்டாமா என்று அப்போது தோன்றியது.

அன்று மாலையே புது நிறுவனத்தின் வக்கீல் சுதர்சன் அழைத்தார். "வெறுங்கையோட வராதீங்க மேடம். நல்ல கட்சிக்காரங்ககிட்ட நம்ம பேருக்கு வக்காலத்துல இப்பவே கையெழுத்து வாங்கி வெச்சிக்குங்க. எதுக்குன்னு விளக்கிட்டு இருக்க வேண்டாம்."

அவள் யாரிடமும் வாங்கவில்லை. கட்சிக்காரர் விரும்பினால் வக்கீலை மாற்றிக்கொள்ளலாம். ஆட்சேபணை இல்லையென்று பழைய வக்கீல் புது வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது வழக்கம். அவர் மறுத்தால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். இதெல்லாம் ரெஜினாவுக்குத் தெரியும். அவளுடைய கட்சிக்காரர் கருணாம்பாளுக்குத் தெரியாது.

கருணாம்பாள் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கணவர் இறந்தபின், வீடு முழுவதும் தனக்கே என்று ஓர் உயிலை நீட்டினார் கொழுந்தனார். உயிலின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி குறிக்கப்பட்டிருந்தது. நான்கு வருடமாக அந்த ஒரு நாளுக்காகவே ரெஜினா கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தாள். சாட்சி உடைந்தால் முழு வீடு, உடையாவிட்டால் தெரு.

புதன்கிழமை கொழுந்தனார் பக்கமிருந்து சமாதானப் பேச்சு வந்தது. பாதி வீடு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில்.

கருணாம்பாள் வந்து நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்தார். "பாதியெல்லாம் வேண்டாமுங்க வக்கீலம்மா. நீங்க எந்திரிச்சாவே அந்தச் சாட்சிக்காரன் தண்ணி கேப்பானுங்க. பன்னண்டாம் தேதி பாத்துக்கலாம்."

"எதுக்கும் சீனியரை ஒரு வார்த்தை கேளுங்கம்மா. அன்னிக்கு யார் விசாரிப்பாங்கன்னு கேளுங்க" என்று மட்டும் சொன்னாள் ரெஜினா.

உள்ளே போன கருணாம்பாள் சிரித்துக்கொண்டே வந்தார். "நம்ம ஆபீஸ் பாத்துக்கும்னுட்டாருங்க. உங்களைத்தானுங்களே சொல்றாரு?"

ரெஜினா கேஸ் கட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. வெள்ளி மூன்று மணிக்குச் சீனியர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தம்மா என்னை நம்பிப் பாதி வீட்டை வேண்டாங்கிறாங்க. நீங்களே சொல்லிருங்க."

"வாக்குக் கொடுத்தியா, இல்லையா?"

"கொடுத்தேன்."

"அப்புறம் என்ன?"

வெளியே வந்து கருணாம்பாளை அழைத்தாள். "முப்பதாம் தேதிக்கு மேல நான் இந்த ஆபீஸ்ல இல்லைங்கம்மா. பன்னிரண்டாம் தேதி இங்க வேற யாராவதுதான் நிப்பாங்க."

கருணாம்பாள் கேட்டார்: "புதன்கிழமை உங்க எதிர்லதானுங்களே உக்காந்திருந்தேன்?"

அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார்.

"சரி, எங்க போறீங்க? நான் அங்க வர முடியுமுங்களா?"

வாங்க என்றால், கட்சிக்காரரைக் கடத்திக்கொண்டு போனாள் என்று நீதிமன்ற வளாகம் முழுக்கப் பேசும். "அதை இப்ப என்கிட்டக் கேக்காதீங்கம்மா. அஞ்சு மணிக்குள்ள வீட்டைப் பத்தி முடிவு பண்ணுங்க" என்றாள் ரெஜினா.

ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கருணாம்பாள் பாதி வீட்டுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

அலுவலகத்தைக் காக்க மறைக்கச் சொன்னார் ஒருவர். விளக்காமலே கையெழுத்து வாங்கச் சொன்னார் இன்னொருவர். வாக்கை மீறி உண்மையைச் சொன்னாள் மூன்றாமவள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினாதான் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. தன் அலுவலக விஷயத்தை வெளியே விடாதே என்று கேட்க வரதராஜுலுவுக்கு உரிமை உண்டு. கருணாம்பாளுக்காக யார் வாதாடுவார் என்பதைக் கருணாம்பாளிடமே மறைக்க உரிமை இல்லை. ஆகவே அந்த வாக்கைக் கேட்டதும் தவறு, கொடுத்ததும் தவறு, மீறியது தவறில்லை. சுதர்சனைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் 'வர முடியுமா' என்று கருணாம்பாள் வாய்விட்டுக் கேட்டபோது, 'முடியும். இங்கேயே இருக்கலாம், என்னோடு வரலாம், வேறு வக்கீலையும் பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கவேண்டும். அது ஆள் இழுப்பது ஆகாது, கேட்ட கேள்விக்குப் பதில். சீனியர் தன் அலுவலகத்தைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தார். ரெஜினா தன் பெயரைக் காப்பாற்றப் பேசாமல் இருந்தாள். கருணாம்பாளுக்கு இரண்டும் ஒன்றுதான்.