குடை நிழலில் சொன்ன சொல்

முன்னொரு காலத்திலே வெண்குன்ற நாட்டை மணிமுடியான் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்கிக்கொள்ளும் ரகம். ஆனாலும் அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கொற்றக்குடையின் கீழ் நின்று யார் என்ன பேசினாலும் குற்றமில்லை. ராஜாவையே திட்டலாம். ஏழையும் பயமில்லாமல் வாய் திறக்கட்டும் என்று முன்னோர் கொடுத்த சலுகை. எதற்குக் கொடுத்தார்கள், எதற்குப் பயன்பட்டது பாருங்கள்!

ஒருநாள் ஏரிக்கரை உடைப்பைப் பற்றி வாக்குவாதம். மந்திரி மதியூரார் மேல் வெகுநாளாய் வயிறெரிந்த படைத்தலைவர் வல்லபராயர், பதில் சொல்ல வகையில்லாமல் குடையின் கீழ் போய் நின்று கத்தினார்: "போர்க்களத்தில் புறமுதுகு காட்டி ஓடிச் செத்தவனைப் பெற்ற நீரா எனக்குப் புத்தி சொல்வது?"

மதியூராரின் ஒரே மகன் செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை. மார்பில் வேல் வாங்கி விழுந்த பிள்ளை. ஆனால் பதிலுக்குப் பதில் சொல்லியே பழகிய நாக்கு, பாவி நாக்கு, முந்திக்கொண்டது.

"ஓடித்தான் இருப்பான் ராயரே! முன்னால் ஓடிய உமக்குத் துணை வேண்டாமா?"

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா கைதட்டினான்.

செய்தி மந்திரிக்கு முன்னால் அவர் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி ஆவுடை சோற்றைப் போட்டுவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போனாள். அவள் அழுவது கேட்டது. அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

மறுநாள் சபையில் மந்திரி எழுந்தார். "மகாராஜா, என் மகனுக்கு நடுகல் நடப்போகிறோம். ராயர் சொன்னதை அப்படியே அதில் வெட்டச் சொல்லுங்கள். 'கண்டு சொன்னவர் வல்லபராயர்' என்று பெயரும் இருக்கட்டும்."

ராயர் எழுந்து அலறினார். "கல்லிலா? அங்கே குடை நிழல் கிடையாதே! பொய்ச் சாட்சிக்கு நாக்கை அறுப்பார்களே!"

"அப்படியானால் பொய்தானா?" என்றான் ராஜா. "சபையில் சொன்னதற்குத் தண்டனை இல்லை. ஆனால் பொய்யைப் பொய் என்று அந்தத் தாயின் வாசலில் போய்ச் சொல்லும்!"

ராயர் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஆவுடையின் வாசலில் நின்று, சொன்னது பொய் என்று ஊரறியச் சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

"கேட்டியா ஆவுடை? பிள்ளை பேரை மீட்டுட்டேன்" என்றார் மதியூரார்.

"கேட்டேன். அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்டுட்டாரு" என்றாள் அவள். "ஓடித்தான் இருப்பான்னு பெத்த அப்பனே சொன்னீங்களே, நீங்க யாருகிட்ட கேக்கப் போறீங்க?"

அதற்குப் பிறகு சாகும்வரை நாடே மெச்சிய அந்த மந்திரி சபையில் யாரையும் சிரிக்க வைக்கவில்லையாம்.