ஆற்று நடுவில் ஒரு வாய்தா

ஒரே ஆளுக்குள் மூன்று ஆள் இருக்க முடியுமா? வெள்ளைக்காரன் காலத்து வீரபாகு முதலில் பட்டாளத்தில் இருந்தார், பிறகு வக்கீலானார், அப்புறம் ஓட்டுக் கேட்கும் தலைவரானார். அக்கரைக் கூட்டத்துக்கு அவரை ஏற்றிப்போன சடையனின் மாட்டுவண்டி நடு ஆற்றில் புதைந்துகொண்டது. வெள்ளமோ ஏறிக்கொண்டே வந்தது.

“பின்னால எடுத்து வேற தடத்துல போகணும் சாமி. இல்லேன்னா என் மாடு ரெண்டும் போயிரும்.”

“போர்க்களத்துலயே பின்வாங்காதவன்டா நான்! முன்னால ஓட்டு!”

சடையன் கும்பிட்டான். “பட்டாளத்துக்காரர் பின்வாங்கவே வேண்டாங்க. வக்கீலய்யா ஒரு வாய்தா வாங்கட்டும். கரையேறினதும் தலைவரய்யா இதையே வெற்றின்னு பேசிக்கட்டும்.”

வீரபாகு மீசைக்குள் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். வண்டி பின்னால் நகர்ந்து வேறு தடம் பிடித்தது; மாடுகள் பிழைத்து அக்கரை ஏறின.

மேடையில் அவர், “ஆற்றையே பின்வாங்க வைத்தேன்!” என்று முழங்கினார். எல்லாவற்றையும் கரையில் நின்று பார்த்திருந்த ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.