மேலைமனையார் விளக்கு

தீர்ப்புச் சொல்லப் போகிறவர் நீங்கள். ஆகவே ஒரு வரியையும் தவறவிடாமல் கேளுங்கள்.

கொன்றையங்குடிச் சிவன் கோயிலில் இரவும் பகலும் அணையாத நந்தா விளக்கு ஒன்று உண்டு. அதற்குத் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் விடுகிறவர்கள் மேலைமனை வீட்டார். அதற்காக அந்த வீட்டுப் பெரியவர் அகோரத்துக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை. இருக்காதா பின்னே? 'மேலைமனை அரங்கன் வைத்த நந்தா விளக்கு ஒன்று' என்று கருவறைச் சுவரிலேயே வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே இருந்த வரிகளைப் பிற்காலத்தில் போட்ட தளம் மூடிவிட்டது.

வடக்குமனைக் கலியமூர்த்தி விடுவதாக இல்லை. "எங்க பாட்டன் சாத்தன் பேரும் அடியில இருக்குன்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லியிருக்காங்க. பாதி உரிமை எங்களுது" என்று வருஷாவருஷம் மல்லுக்கு நிற்பார்.

திருப்பணிக்காகத் தளத்தைப் பெயர்த்தார்கள். அகோரத்தின் மகள் மங்கையர்க்கரசி கல்வெட்டு ஆய்வாளர். அவளே படிக்க வந்தாள்.

"மக வாசிச்சா அப்பனுக்குத்தானே வாசிப்பா?" என்றார் கலியமூர்த்தி.

"ஒரு எழுத்தையும் விடமாட்டேன் மாமா" என்று சன்னிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். இரண்டு வீட்டாரும் செய்தார்கள்: கல்லில் உள்ளபடியே நடப்போம், கூட்டவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம்.

ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுத்தாள். ஊர் கூடி நிற்க, வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாம் வரியில் நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்டே? சத்தமாப் படி." அகோரத்துக்கு வாயெல்லாம் பல். அன்றும் பரிவட்டத்தோடுதான் வந்திருந்தார்.

படித்தாள். 'மானென்று அரங்கன் எய்த அம்பு பட்டு வடக்குமனைச் சாத்தன் செத்தமையில், இதற்கு அரங்கன் சாக வேண்டா என்றும், சாத்தனுக்காக, சந்திரனும் சூரியனும் உள்ளவரை அரங்கனும் இவன் வழியினரும் இவ்விளக்கு எரிப்பது என்றும் சபையோம் விதித்தோம்.' கல்வெட்டு அதோடு முடிந்தது.

விளக்கு வீட்டுப் பெண் என்று நெஞ்சை நிமிர்த்தி வளர்ந்தவள் மங்கையர்க்கரசி. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கலியமூர்த்தி முன்னால் வந்தார். "செத்தவன் எங்க ஆளா? இனி உங்க கை எண்ணெய் வேணாம். விளக்கும் மரியாதையும் எங்களுக்குத்தான்."

"தண்டனைன்னாலும் அது எங்க விளக்கு" என்றார் அகோரம். "மரியாதையையும் விட்டுத்தர மாட்டேன்."

"பழி சுமந்த விளக்கை அணைச்சுட்டுப் புதுசா ஒண்ணு ஏத்திடலாமே" என்றார் குருக்கள்.

சத்தியம் மீறாமல் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: ஒருவரும் முழுக்கச் சரியில்லை. ஓர் உயிருக்கு ஈடாக விதித்த விளக்கை அணைக்க முடியாது. எரிக்க வேண்டியவர்கள் அரங்கன் வழியினரே. அதை வடக்குமனையார் பறிக்க முடியாது. ஆனால் முதல் மரியாதையைப் பற்றிக் கல்லில் ஓர் எழுத்தும் இல்லை. தண்டனைக்குப் பரிவட்டம் கட்டி அழகு பார்த்தது ஊர்தான். மங்கையர்க்கரசி இதைச் சொன்னதும் அகோரம் பரிவட்டத்தைத் தாமே அவிழ்த்துக் கீழே வைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். அந்த வீட்டில் யாரும் நினைத்தே பார்த்திராத சாத்தனின் பேரைச் சொல்லி ஊற்றினார். கலியமூர்த்தி தடுக்கவில்லை.