வீரபாகு வீட்டு நாய்ப் படம்

தேனியில், வளர்ப்புப் பிராணிகளின் போட்டோவைக் கேன்வாஸ் படமாக்கித் தரும் கடையில் செண்பகா வேலை பார்த்தாள். ஒருநாள் மில் முதலாளி வீரபாகு தன் நாய் சுல்தானின் போட்டோவோடு வந்து இறங்கினார். வீட்டுக்குள் குரங்கு புகுந்தபோது அவர் மனைவி எடுத்த படம் அது. சுல்தான்தான் குரங்கை விரட்டியது என்று ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தார். படத்திலோ அது மேசைக்கடியில் வாலைச் சுருட்டிக்கொண்டு பதுங்கியிருந்தது.

"பார்க்கிறவன் எல்லாம் நாயோட தைரியத்தைப் பேசணும். ஆனா அதுல ஒரு முடியைக்கூட மாத்தக் கூடாது. சொதப்பினே, உனக்கு இங்கே வேலை இருக்காது."

"நாயைச் சுத்தி என்ன வேணா செய்யலாமா சார்?"

"அது உன் இஷ்டம்."

போட்டோவின் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்ததைச் செண்பகா கவனித்தாள். அவர் மனைவியிடம் போனில் முழுப் படத்தைக் கேட்டாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே உடனே அனுப்பினார்.

கடையிலிருந்து மூடி வந்த படத்தைத் தானும் பார்க்காமலே, வீட்டு விருந்தாளிகள் முன்னால் வீரபாகு பெருமையாகத் திரையை விலக்கினார். மேசைக்கடியில் சுல்தான். மேசைமேல், வேட்டியைத் தூக்கிப் பிடித்து அலறியபடி வீரபாகு. சன்னலில் ஒரு குட்டிக் குரங்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தது. கூடமே சிரிப்பில் அதிர்ந்தது.

மறுநாள் கடைக்கு வந்து கத்தினார்.

"நாயோட முடி ஏதாவது மாறியிருக்கா சார்?" என்று செண்பகா பணிவாகக் கேட்டாள்.

"இல்லை!"

"அதுக்குத் தைரியம்னு யாரும் சொல்லலையா?"

"சொல்லாம என்ன! என்னைவிட நாய்க்குத் தைரியம் ஜாஸ்தின்னு ஒருத்தர் விடாம எல்லாரும் சொல்லிட்டுப் போறாங்க!"

கடைக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்போ நீங்க கேட்டபடியே வந்திருக்கு சார்," என்றாள் செண்பகா.